புத்தர் கதையை நாடகமாகப் போட்டால் புத்தராக யார் வருவது?

கேள்வி, 9 பிப்ரவரி 2025

எங்கள் ஊர் வாசகசாலைப் பிள்ளைகள் புத்த பூர்ணிமை அன்று (இந்த வருஷம் மே 12) ஒன்றரை மணி நேர நாடகம் போடப்போகிறார்கள். லும்பினியில் பிறந்ததிலிருந்து குசிநாராவில் கண்மூடியது வரை எல்லாம் வந்தாக வேண்டும் என்று ஒரு கட்சி. புத்தர் வேஷத்தை மனிதன் கட்டவே கூடாது என்று இன்னொரு கட்சி. நாடகம் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில், 9 பிப்ரவரி, இரவு

எண்பது வருஷ வாழ்க்கையை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடைக்காதீர்கள். 1996ல் கல்லூரி விழாவுக்கு நாங்கள் அடைத்தோம். பதினொரு காட்சி. மாயாதேவியின் கனவு, அசிதர் குழந்தையைப் பார்த்து அழுவது, அம்பு பட்ட அன்னம், நான்கு காட்சிகள், பிம்பிசாரன் யாகம், சுஜாதையின் பாயசம், மாரன், சாரநாத், அங்குலிமாலன், கிசா கோதமி, சாலமர நிழல். திரை விழுந்து எழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிஷம் பேசிக்கொண்ட காட்சி ஒன்றுகூட இல்லை.

எனக்கு விளக்குப் பொறுப்பு. போதி மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருந்தவன் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அவன் தலைக்குப் பின்னால் மஞ்சள் விளக்கை மெல்ல ஏற்றினேன். விடுதியில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மா முன்வரிசையில் இருந்தார். எழுந்து மேடையேறி, தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து அவன் காலடியில் வைத்து, விழுந்து கும்பிட்டார். அவன் கண்ணைத் திறந்துவிட்டான். "எந்திரிங்கம்மா, எந்திரிங்கம்மா" என்று குரல் நடுங்கச் சொன்னான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அதனால் உங்கள் இரண்டாவது கட்சி சொல்வதை நான் தள்ளமாட்டேன். ஒருவன் புத்தராக உட்கார்ந்த அந்த நிமிஷமே நாடகம் நின்றுபோய் பூஜை தொடங்கிவிடுகிறது. அந்த அம்மாவின் பக்தியில் குறை காண எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ராத்திரியிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி: அவரைக் காட்டாமல் அவர் கதையைச் சொல்ல முடியுமா?

10 பிப்ரவரி

முடியும். கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள்.

2009ல் போபாலுக்கு வேலையாகப் போனபோது சாஞ்சிக்குப் போனேன். பெரிய தூபியின் கிழக்குத் தோரண வாயில். அதன் நடு உத்தரத்தில் சித்தார்த்தன் அரண்மனையை விட்டுக் கிளம்புவது செதுக்கியிருக்கிறது. இடப்பக்கம் கபிலவஸ்து நகரம். அதன் வாசலிலிருந்து ஒரு குதிரை வெளியே வருகிறது. அதே குதிரை அடுத்தும் வருகிறது, அதற்கடுத்தும் வருகிறது. சினிமாச் சுருள்போல ஒரே உத்தரத்தில் ஒரே குதிரையின் பயணம். குதிரைமேல் யாரும் இல்லை. ஆனால் யாருமில்லாத அந்த முதுகுக்கு மேலே ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறான். வலக்கோடியில் இரண்டு பாதச்சுவடு, அதற்கும் குடை. கீழே குதிரை ஊர் திரும்புகிறது. திரும்பும்போது அதற்குக் குடை கிடையாது.

வெயிலில் கழுத்து வலிக்க நின்று பார்த்தேன். போகும்போதும் குதிரையின் முதுகு காலி, வரும்போதும் காலி. குடை இருக்கிறது, குடை இல்லை. இவ்வளவே வித்தியாசம், கதை முழுக்கப் புரிந்துவிடுகிறது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்களைப் பாருங்கள். வெறும் ஆசனம், பாதச்சுவடு, சக்கரம், சுற்றிலும் கைகூப்பிய ஜனங்கள். மணிமேகலை மணிபல்லவத்தில் கண்டதும் ஆசனத்தைத்தான். பீடிகையைப் பார்த்ததும் அவளுக்குப் பழம்பிறப்பு தெரிந்துவிடுகிறது. ஆளில்லாத ஆசனம் தமிழுக்குப் புதிதில்லை.

11 பிப்ரவரி

"அவரே வரவில்லை என்றால் மேடையில் யார் பேசுவது?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

சன்னன். தேரோட்டி. குதிரையைப் பிடித்துக்கொண்டு போய், குதிரையைப் பிடித்துக்கொண்டு தனியாகத் திரும்பியவன். கதை மொத்தமும் அவன் கண்ணில் இருக்கிறது.

நான் செய்யாறு பக்கத்துக்காரன், கூத்து பார்த்து வளர்ந்தவன். எங்கள் கூத்தில் ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது கட்டியங்காரன் கேட்பான்: நீங்க யாரு, எந்த ஊரு, என்ன காரியமா வந்தீங்க? வேஷம் தன் பேரும் ஊரும் சொல்லும். ராஜாவுக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நிற்கிறவன் அவன். சன்னனைக் கட்டியங்காரனாக வைத்தால் என்ன என்று இன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். நான்கு காட்சியும் கேள்வி பதில்தானே. இவர் யார், ஏன் இப்படி இருக்கிறார், எனக்கும் இப்படி வருமா?

எனக்குத் தெரிந்த ஒரு ஜமா (கூத்துக் குழு) வாத்தியாரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சார், நாலுல ஒண்ணு பொணமாச்சே. கட்டியக்காரன் கேட்டா அது என்னன்னு பதில் சொல்லும்?" என்றார்.

இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. திரைக்குப் பின்னால் ஒரு வேஷம் நிற்கிறது. கட்டியங்காரன் மூன்று தடவை கேட்கிறான். பதில் இல்லை. மத்தளமும் நின்றுவிடுகிறது. சாவைக் காட்ட இதைவிட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

13 பிப்ரவரி

புத்தர் கதையில் கட்டியங்காரன் என்ற கோமாளியைக் கொண்டுவருவது அபசாரம் என்று கோபமாக எழுதியிருக்கிறார் ஒரு பெரியவர். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வடமொழி நாடக ஏடுகளே பௌத்த நாடகங்களின் ஏடுகள்தாம். மத்திய ஆசியாவின் துர்பானில் துண்டு துண்டாகப் பனையோலைகள் அகப்பட்டன. அவற்றை ஜெர்மானிய அறிஞர் லூடர்ஸ் 1911ல் பதிப்பித்தார். அதில் ஒன்று அசுவகோஷர் எழுதிய 'சாரிபுத்திர பிரகரணம்', ஒன்பது அங்கம். சாரிபுத்திரரும் மௌத்கல்யாயனரும் புத்தரிடம் வந்து சேரும் கதை.

அதில் விதூஷகன், அதாவது வடமொழி நாடகத்துக் கோமாளி, உண்டு. க்ஷத்திரியன் சொல்லும் உபதேசத்தைப் பிராமணன் ஏற்கலாமா என்று சாரிபுத்திரரைக் கேட்பவனே அவன்தான். தாழ்ந்த குலத்தவன் கொடுத்தால் மருந்து நோயைத் தீர்க்காதா என்று இவர் திருப்பிக் கேட்கிறார். நாடகத்தின் மிகக் கூர்மையான கேள்வியை அசுவகோஷர் விதூஷகன் வாயில் வைத்தார். அவர் துறவி, புத்தர் வரலாற்றை மகாகாவியமாகப் பாடியவர். அவருக்கு அபசாரமாகப் படாதது எனக்கும் படவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தின் கடைசியில் புத்தரே மேடைக்கு வருகிறார், பேசுகிறார். ஆளாக வரக்கூடாது என்ற என் கட்சிக்கு இது எதிர்ச்சாட்சி. யோசிக்கிறேன்.

14 பிப்ரவரி

நான்கு காட்சிகளைப் பற்றி 11ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சித்தார்த்தன் தேரில் போய்க் கிழவன், நோயாளி, பிணம், துறவி நால்வரையும் கண்டதாக நாம் சொல்லும் கதை, பழைய பாலி சுத்தங்களில் (புத்தர் உபதேச நூல்களில்) கோதமரைப் பற்றி வருவதில்லை. தீக நிகாயத்தின் மகாபதான சுத்தத்தில் அது விபஸ்ஸி என்ற முற்காலப் புத்தரின் கதை. பிற்பாடு வந்த வரலாறுகள் அதைக் கோதமருக்கும் சொல்லின. கோதமர் தம் வாயால் சொல்வதாக அங்குத்தர நிகாயத்தில் இருப்பது வேறு. மூப்பும் நோயும் சாவும் எனக்கும் உண்டு என்று நினைத்துப் பார்த்தேன், இளமைச் செருக்கு போயிற்று. அவ்வளவுதான். தேர் இல்லை, தெரு இல்லை.

நாடகத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். ஆனால் இருபத்தொன்பது வயது வரை கிழவனையே பார்க்காத ராஜகுமாரன் என்று நம்பச் சொல்லாதீர்கள். தினம் பார்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தான் என்று வையுங்கள். பிள்ளைகளுக்கு அது எளிதாகப் புரியும்.

20 பிப்ரவரி

நாக்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் இதையெல்லாம் படித்துவிட்டுக் கூப்பிட்டார். ஒன்றரை மணி நேரம் பேசினோம், பாதி நேரம் சண்டை.

"தூங்குகிற பெண்டாட்டியை விட்டுவிட்டு நடுராத்திரியில் ஓடினார் என்றுதானே நீங்களும் போடப்போகிறீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சுத்தத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதில் புத்தர் தம் வாயால் சொல்கிறார்: கருமயிர் இருந்த இளம்பருவத்தில், தாயும் தந்தையும் விரும்பாமல், முகமெல்லாம் கண்ணீராக அழுதுகொண்டிருக்க, தலைமுடியும் தாடியும் மழித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனேன். அழுகிறவர்கள் எதிரில் நிற்கிறார்கள். ரகசியம் எதுவும் இல்லை.

பௌத்த அறிஞர் தர்மானந்த கோசம்பி இதைப் பிடித்துக்கொண்டு, சித்தார்த்தனின் குலமான சாக்கியருக்கும் பக்கத்துக் கோலியருக்கும் ரோகிணி ஆற்றுத் தண்ணீரில் வந்த தகராறே துறவுக்குக் காரணம் என்று வாதாடினார். மராத்தியில் போதிசத்துவரைப் பற்றி நாடகமும் எழுதினார். 1957ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கரும் அந்த வழியில்தான் போகிறார். சாக்கியர் சங்கம் கூடுகிறது, போர் வேண்டும் என்கிறது, சித்தார்த்தன் வேண்டாம் என்கிறான், வாக்கெடுப்பில் தோற்கிறான், நாட்டைவிட்டுப் போக ஒப்புக்கொள்கிறான். யசோதரையிடம் சொல்லிவிட்டே போகிறான். அவளும் சம்மதிக்கிறாள்.

தண்ணீர்த் தகராறு! அதை எந்தத் தமிழ் ஊருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுத்தநிபாதத்தின் அத்ததண்ட சுத்தத்தில் ஓர் உவமை வருகிறது. குறைந்த நீரில் துடிக்கும் மீன்களைப் போல ஜனங்கள் துடிப்பதையும் ஒருவரோடொருவர் மோதுவதையும் கண்டேன், எனக்குப் பயம் வந்தது என்கிறார். கோடையில் வற்றும் ஏரியைப் பார்த்தவர்களுக்கு அந்த மீன் தெரியும்.

சண்டை எதில் என்றால், நண்பர் கடைசியில் சொன்னதில். "நீங்கள் அவரை மேடையிலிருந்து மறைக்கிறீர்கள். மறைத்தால் கடவுளாகிவிடுவார். அவர் மனிதர் என்பதுதானே எங்களுக்கு வேண்டியிருந்தது. சங்கத்தில் எழுந்து நின்று, ஓட்டில் தோற்ற மனிதர்." சாஞ்சியைப் பற்றிச் சொன்னேன். "கல்லில் சரி, எங்கள் பிள்ளைக்கு முகம் வேண்டும்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

2 மார்ச்

யசோதரை.

அசுவகோஷரின் புத்தசரிதம் 28 சருக்கம். வடமொழியில் ஏறத்தாழ முதல் பாதிதான் மிச்சம், மற்றது சீனத்திலும் திபெத்தியிலும் இருக்கிறது. நல்லவேளை, எட்டாம் சருக்கம் தப்பித்தது. சன்னன் குதிரையோடு ஊர் திரும்பும் சருக்கம் அது. யசோதரை முதலில் சன்னனைத் திட்டுகிறாள். அப்புறம் குதிரையைத் திட்டுகிறாள். ஊரெல்லாம் தூங்கும்போது ரத்தினத்தைக் களவாடும் திருடனைப்போல என் சொத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு போனாயே, இப்போது அரண்மனை அதிரக் கனைக்கிறாயே, அன்று ராத்திரி ஏன் ஊமையாகப் போனாய், ஒரு கனைப்புக் கனைத்திருந்தால் யாராவது எழுந்திருப்பார்களே.

குதிரையிடம் கேட்கிறாள் பாருங்கள். கேட்க வேண்டியவன் இல்லை. பதில் சொல்லத் தெரியாத ஒன்றிடம் கேட்கிறாள்.

பிறகு இன்னொரு கேள்வி. தர்மம் செய்யத்தான் போனார் என்றால் மனைவியை விட்டுவிட்டு என்ன தர்மம்? முன்னோர் மனைவியரோடு காட்டுக்குப் போன கதையை அவர் கேட்டதில்லையா? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பிக்கு இந்தக் கேள்வியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார், மழுப்பாமல்.

கூத்தில் கர்ணமோட்சம் போட்டால் ஊர் விடிய விடியக் காத்திருப்பது போர்க்களத்துக்கு இல்லை. கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்துக்கு. அவள் வழிமறிப்பாள், தர்க்கம் நடக்கும், பாட்டுக்குப் பாட்டு ஏறும். யசோதரைக்கு அந்தத் தர்க்கத்தைக் கொடுக்கலாம், எதிரில் குதிரைமட்டும் நிற்க.

என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அவ கேக்குறதுக்கு நீங்க பதில் எழுதிறாதீங்க" என்றாள். எழுதமாட்டேன்.

3 மார்ச்

நேற்றையதோடு ஒன்று. கல்கத்தா ஸ்டார் தியேட்டரில் 1885ல் கிரீஷ் சந்திர கோஷ் 'புத்ததேவ் சரித்' போட்டார். எட்வின் அர்னால்டு 1879ல் எழுதிய காவியத்தைத் தழுவியது. நமக்குக் கவிமணியின் ஆசிய ஜோதி எதிலிருந்து வந்ததோ அதே நூல். அதில் கோபாவாக, அதாவது யசோதரையாக, நடித்தவர் வினோதினி தாசி. அந்த ஸ்டார் தியேட்டர் எழும்பவே காரணமாக இருந்தவர். தியேட்டருக்கு அவர் பெயர் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள், வைக்கவில்லை. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் மேடையை விட்டே போய்விட்டார். அவர் அந்தப் புலம்பலை எப்படிப் பாடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

9 மார்ச்

தாகூர் 1926ல் எழுதிய 'நடீர் பூஜா'வில் புத்தர் ஒரு காட்சியிலும் வருவதில்லை. இடம் மகதம். அஜாதசத்துரு புத்த வழிபாட்டைத் தடைசெய்துவிட்டான். அரண்மனை நடனக்காரி ஸ்ரீமதியைத் தூபிக்கு முன்னால் ஆடச்சொல்கிறார்கள், அவமதிப்பதற்காக. அவள் ஆடுகிறாள். ஆட ஆட நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுகிறாள். பட்டாடைக்குள்ளே பிக்குணியின் துவராடை. கொல்லப்படுகிறாள்.

அதில் அரசி லோகேசுவரி எனக்கு இன்னும் நெருக்கம். கணவன் பிம்பிசாரன் அரியணையை விட்டுவிட்டான், மகன் பிக்குவாகிவிட்டான். புத்தரை ஒரு காலத்தில் கும்பிட்டவள், இப்போது அவர்மேல் ஆறாத கோபம். வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கிறாள். அவர் மேடையில் இல்லாததால்தான் அந்தக் கோபத்துக்கு இடம் கிடைக்கிறது. எதிரில் சாந்தமாக ஒருவர் நின்றிருந்தால் அவள் இரண்டு வரியில் அடங்கிப்போயிருப்பாள். மறைப்பதற்கு எனக்குக் கிடைத்த சரியான காரணம் இது. பக்தியோ பயமோ காரணமில்லை, மற்றவர்களுக்கு வாய் கிடைக்கிறது.

15 மார்ச்

பர்மாவில் போதிசத்துவரை மனிதர் நடிப்பதற்குக் கூசியவர்களும் பொம்மலாட்டத்தில் ஜாதகக் கதைகளை ரசித்தார்கள். மரத்துக்கு ஆசாபாசம் இல்லை என்பதால் இருக்கலாம்.

இலங்கை பற்றிக் கொழும்பு நண்பர் கேட்டதற்கு: சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956ல் போட்ட 'மனமே' ஜாதகக் கதைதான். சிங்கள நாடகத்தின் போக்கை மாற்றியது. அதன் வடிவம் 'நாடகம' என்ற சிங்களப் பாட்டு நாடகம். அந்த நாடகமவின் வேர் தமிழ்க் கத்தோலிக்கர் ஆடிய கூத்தில் இருக்கிறது. அடுத்த சில வருஷத்தில் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் தமிழ்க் கூத்தை எடுத்து நிறுத்தினார், 1962ல் 'கர்ணன் போர்'. பௌத்தக் கதைக்குக் கூத்து ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

22 மார்ச்

மாரனைக் கொம்பும் கோரைப்பல்லுமாகக் கொண்டுவராதீர்கள். 1996ல் நாங்கள் அப்படித்தான் செய்தோம், பிள்ளைகள் கைதட்டினார்கள், அவ்வளவோடு போயிற்று.

சுத்தநிபாதத்தின் பதான சுத்தத்தில் அவன் எப்படி வருகிறான் தெரியுமா? இரக்கத்தோடு. நேரஞ்சரை ஆற்றங்கரையில் எலும்பும் தோலுமாக இருப்பவரிடம் வந்து, இளைத்துவிட்டாய், நிறம் கெட்டுவிட்டாய், சாவு பக்கத்தில் இருக்கிறது, உயிரோடு இரு, உயிரோடு இருந்தால் எவ்வளவோ புண்ணியம் செய்யலாமே என்கிறான். பெற்ற தாய் சொல்வதைப்போல. நம்மைத் தடுத்தவர்களில் பாதிப் பேர் நம்மேல் பிரியமுள்ளவர்கள்தானே.

அவர் அவனுடைய சேனைகளைப் பேர்சொல்லி எண்ணுகிறார். ஆசை முதல் சேனை, வெறுப்பு இரண்டாவது, பசியும் தாகமும் மூன்றாவது என்று போகிறது. ஏழு வருஷம் பின்தொடர்ந்தும் ஒரு பிடி கிடைக்கவில்லை, கொழுப்பென்று நினைத்துக் கல்லைச் சுற்றிய காக்கையானேன் என்று சொல்லி மாரன் விலகுகிறான். துயரத்தில் அவன் அக்குளிலிருந்து வீணை நழுவி விழுகிறது. எந்த நாடகாசிரியர் எழுதியிருந்தாலும் பெருமைப்படும் இடம். மாரன் வீணை வைத்திருந்தான்! இனிமையாகத்தான் பேசியிருக்கிறான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

எங்கள் ஊர்ப் பக்கம் தவத்துக்கென்றே ஒரு கூத்து இருக்கிறது, அர்ச்சுனன் தபசு. உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். வாத்தியார் இதிலும் மரம் நடலாமா என்றார். ரொம்ப நேரம் பேசினோம். அர்ச்சுனன் பாசுபதம் வாங்க மேலே ஏறுகிறான். இவர் ஒன்றும் வாங்க வரவில்லை, தரையில் உட்கார்ந்து தரையையே தொட்டுச் சாட்சி கூப்பிடுகிறார். "அப்ப மரத்தை நட்டு, ஏறாம விட்டுடலாம் சார்" என்றார் வாத்தியார். மரம் நிற்கும், அடியில் வெறும் பலகை, யாரும் ஏறமாட்டார்கள். தபசு பார்த்துப் பழகிய ஜனங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு கண் தானாகக் கீழே இறங்கும்.

6 ஏப்ரல்

ஆம், மே 12க்கு நாங்களும் போடுகிறோம். அன்று சித்ரா பௌர்ணமியும்கூட. நான் எழுத்து, வாத்தியாரின் ஜமா ஆட்டம்.

ஒத்திகையில் என் கொள்கை உடைந்தது. சங்கம் கூடும் காட்சி. சாக்கியர்களாக ஆறு பேர் சத்தம் போடுகிறார்கள், சித்தார்த்தன் இருக்க வேண்டிய இடத்தில் குடை மட்டும். ஆறு பேரும் குடையைப் பார்த்துக் கத்துகிறார்கள். குடை தோற்றது. யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஓட்டில் தோற்பதற்கு ஒரு மனிதன் வேண்டும். அவன் முகம் சிவக்க வேண்டும், தொண்டை அடைக்க வேண்டும். நாக்பூர் நண்பர் சொன்னது சரி. அன்று இரவே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

இப்போது இப்படி: அனோமா ஆற்றங்கரையில் முடியை அறுக்கும்வரை சித்தார்த்தன் ஆளாகவே வருவான். கிரீடமும் புஜக்கட்டையும் (தோள் அணியும்) கட்டி, மற்ற ராஜாக்களைப் போலத் திரை விருத்தம் பாடி, கிறிக்கி அடித்துத்தான் (சுழன்று ஆடித்தான்) வருவான். ஆற்றங்கரையில் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சன்னன் கையில் கொடுப்பான். ஜனங்கள் கண்ணெதிரே வேஷம் கலையும். கடைசியில் நிற்பது வெறும் பையன். அவன் கூட்டத்துக்குள் இறங்கி நடந்து போய்விடுவான். அதன்பின் ஆள் கிடையாது.

சாஞ்சியில் கிளம்பும்போதே ஆளில்லையே என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், அங்கிருந்து இங்கே விலகியிருக்கிறேன். திரும்பி வரும் குதிரையை மட்டும் அந்தச் சிற்பி சொன்னபடியே வைத்திருக்கிறேன், குடையில்லாமல்.

19 ஏப்ரல்

கடைசிக் காட்சி எது என்று இரண்டு வாரமாக அலைந்தேன். குசிநாரா வேண்டாம். அவர் கபிலவஸ்துக்குத் திரும்பி வருவதுதான் முடிவு. யசோதரை எதிர்கொண்டு போக மறுத்துவிடுகிறாள், என்னிடம் நல்லது ஏதாவது இருந்தால் அவரே வருவார் என்கிறாள். அவரே போகிறார். அதுவும் வேண்டும். ஆனால் ஆளில்லாமல் எப்படி?

விடை வினயபிடகத்தின் மகாவக்கத்தில் இருந்தது. தாய் மகனைக் கைகாட்டி அனுப்புகிறாள், அதோ உன் அப்பா, போய் உன் பங்கைக் கேள். ராகுலன் போய் எதிரில் நின்று முதலில் சொல்லும் வார்த்தை: உங்கள் நிழல் சுகமாக இருக்கிறது, சமணரே.

நிழல்! பையன் பேசுவதே நிழலைப் பற்றி. இருபத்தொன்பது வருஷமாக விளக்கு போடுகிற எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். உதய் சங்கர் புத்தர் வரலாற்றை நிழலாட்டமாகவே செய்திருக்கிறார். கூட்டத்துக்குப் பின்னால் மூங்கிலில் ஒரே விளக்கு. அதன்முன் ஒருவர் நடந்தால் நிழல் ஜனங்கள் தலைமேல் விழுந்து, அவர்களைக் கடந்து, மேடைக்குப் போய்ச் சேரும்.

'சமணரே' என்ற சொல்லை மாற்ற வேண்டியிருந்தது, தமிழில் அது ஜைனரைக் குறித்துவிடும். 'சாமி' என்றால் கடவுளாகிவிடும். 'ஐயா' என்று வைத்தேன். வாத்தியார் 'அப்பா' என்றே இருக்கட்டும் என்கிறார். மூலத்தில் பையன் அப்பா என்று சொல்லவில்லை. சொல்லாததில்தான் வலி இருக்கிறது. ஐயாவே இருக்கட்டும்.

சுத்தோதனன் அதற்கப்புறம் புத்தரிடம் கேட்கும் வரமும் வருகிறது. பெற்றவர் சம்மதமில்லாமல் இனி எந்தப் பிள்ளைக்கும் துறவு கொடுக்காதீர்கள், பிள்ளைப் பாசம் தோலை அறுத்து, சதையை அறுத்து, எலும்பை அறுத்து, உள்மச்சை வரை போய் நிற்கிறது என்கிறான். புத்தர் அதை ஏற்று விதியாக்குகிறார். கிழவர் அழுததற்கு ஒரு விதி கிடைத்தது.

13 மே, அதிகாலை

இப்போதுதான் வந்தேன், முகத்தில் இன்னும் அரிதாரம். மூன்றரை மணி நேரம் போயிற்று.

பிணத்திடம் கட்டியங்காரன் மூன்றாவது தடவை கேட்டபோது கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "அவரு சொல்லமாட்டாருப்பா, விடு" என்றார். சன்னன் அந்தக் கிழவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேடையில் தலைகுனிந்தான். எழுதியதில் இது இல்லை.

யசோதரை குதிரையைக் கேட்ட இடத்தில் பின்பாட்டுக்காரர்களால் தொடர முடியவில்லை. அவளே தனியாக முடித்தாள்.

நிழலாக நடந்தவர் ஜமாவுக்குச் சமைக்கிற அண்ணன். நான் சொன்னதைவிட மெதுவாக நடந்தார். நிழல் தலைமேல் வந்தபோது சில பெண்கள் குழந்தைகளைத் தூக்கி அதற்குள் காட்டினார்கள். 1996ல் அந்த அம்மா வைத்த கனகாம்பரம் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை யாரும் நடுங்க வேண்டியிருக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பையன், ராகுலன், ஒத்திகையில் எப்போதும் நிழலுக்கு வெளியே நின்று வசனம் சொல்வான். நேற்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் சொன்னான்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் பிள்ளைகள் நாடகம் எப்படி நடந்தது? புத்தராக யார் வந்தார்? குடை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, வெள்ளைத்துணி, ஆறடிக் கம்பு. அடுத்த தடவை வேண்டுமென்றால் சொல்லுங்கள், பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறேன்.